புது வீடு என்னும் பெயர்



பள்ளிக்கூடத்திற்கு வரும் புதிய ஆசிரியர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது பாடம் அன்று, மாணவர்களின் பெயர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காலைதோறும் வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர் வாசித்தவன் நான். தென்கடற்கரையை அடுத்த ஊர்களிலேயே பெரும்பாலும் பணி புரிந்தமையால், என் பதிவேடுகளில் ஒரு பெயர் ஆண்டு தவறாமல் வந்துகொண்டிருந்தது. சவேரிமுத்து, சவரிமுத்து, சவரிராயன், சவரியம்மாள், பிரான்சிஸ் சேவியர் என அதன் உருவம் மாறும், அடி ஒன்றே. இவ்வளவு பழகிய பெயர் எந்த நாட்டுச் சொல், அதன் பொருள் யாது என்று நான் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பாராமையால் ஒரு பிழையும் செய்தேன். அப்பிழையைப் பின்னர்ச் சொல்கிறேன். பெயரின் வரலாற்றை முதலில் காண்போம்.

ஐரோப்பாவில் ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவே பிரெனீஸ் மலைத்தொடர் மதில்போல் நிற்கிறது. அம்மலையின் மேற்குக் கோடியில், எல்லையின் இருபுறத்தும், பாஸ்க்கு என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்களைச் சுற்றிலும் இலத்தீன் தாயின் மக்களாகிய ஸ்பானியமும் பிரெஞ்சும் வழங்க, அவர்கள் மொழி மட்டும் தனித்து நிற்கிறது. உலகில் இன்ன மொழி அதற்கு உறவு என்று எவரும் ஐயமற நிறுவியதில்லை. உரோமர் அம்மண்ணில் அடி வைப்பதற்கு முன்பே அங்கு வழங்கிய தொன்மொழியின் வழிவந்தது அது.

அம்மொழியில் 'எச்சே' என்றால் வீடு. 'பெர்ரி' என்றால் புதியது. நாம் 'புது வீடு' என்று அடைமொழியை முன்னே வைக்கிறோம். அவர்கள் வீட்டை முன்னே வைத்து, புதுமையைப் பின்னே வைத்து, 'எச்செபெர்ரி' என்பர். இந்தப் 'புது வீடு' என்னும் எளிய சொல்தான் நம் சவேரிமுத்துவின் பெயருக்குள் ஒளிந்து கிடக்கிறது.

வீட்டின் பெயர் மனிதனின் பெயரானது எவ்வாறு? பாஸ்க்கு நாட்டுப்புறத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. நிலமும் உரிமையும் வீட்டைச் சார்ந்தவை. ஆதலால் ஒருவனை அவன் தந்தையின் பெயரால் அறிவதைவிட, அவன் வாழும் வீட்டின் பெயரால் அறிவதே வழக்கமாயிற்று. வேறு வீட்டிற்குக் குடிபெயர்ந்தவன் அந்த வீட்டின் பெயரால் அழைக்கப்பட்டதும் உண்டு. இது நமக்கு முற்றிலும் அயலான வழக்கமன்று. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் வீட்டுப் பெயர் சொல்லி ஆளை அடையாளம் காட்டுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 'புத்தன்வீடு' என்னும் வீட்டுப் பெயரே அங்கு உண்டு. மலைக்கு அப்பாலிருந்த மனிதனும் கடலுக்கு இப்பாலிருந்த மனிதனும் ஒருவரையொருவர் அறியாமலே, தம் வீட்டிற்கு ஒரே பெயரை இட்டிருக்கிறார்கள்.

புது வீடு எந்த ஊரிலும் எழும். ஒவ்வோர் ஊரிலும் ஒரு காலத்தில் ஒரு வீடு புதிதாய் இருந்திருக்கும். ஆகவே ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல ஊர்களில் இப்பெயர் தனித்தனியே தோன்றியது. இப்பெயருடைய இருவரைக் கண்டால் அவர்கள் உறவினர் என்று கருத வேண்டுவதில்லை. அவர்களுடைய முன்னோர் புதிய வீடுகளில் வாழ்ந்தனர் என்பது மட்டுமே உறுதி.

அடுத்து, இச்சொல் பல எழுத்தர்களின் கையில் பட்ட பாட்டைப் பாருங்கள். பாஸ்க்கு மொழியில் பெயர்ச்சொல்லின் இறுதியில் அகரம் சேர்ந்தால் 'அந்த' என்னும் சுட்டுப் பொருள் தரும். 'அந்தப் புது வீடு' என்பது 'எச்செபெர்ரியா'. ஸ்பானிய எழுத்தர் இதனை 'எச்செவெர்ரியா' என எழுதினர். எல்லைக்கு அப்பால் பிரெஞ்சு எழுத்தர் தம் மரபுப்படி எழுத்துக் கூட்டி 'எச்செவெர்ரி' என்றனர். மேற்குப் பகுதிப் பாஸ்க்கு மக்கள் 'பெர்ரி' என்பதைப் 'பர்ரி' என ஒலிப்பர். ஆதலால் அங்கு 'எச்செவர்ரியா' பிறந்தது. முதலெழுத்துத் தேய்ந்த இடங்களில் 'சவர்ரியா' என்றும் 'சாவர்ரி' என்றும் ஆயிற்று. குடியேறியவர்களோடு இவை அட்லாண்டிக் கடலைத் தாண்டின. அர்ஜென்டினாவின் கவிஞர் எஸ்தெபான் எச்செவெர்ரியாவும், 1970 முதல் 1976 வரை மெக்சிகோவின் குடியரசுத் தலைவராக இருந்த லூயிஸ் எச்செவெர்ரியாவும் இக்கிளையில் வந்த பெயரினர். ஸ்பானியப் பெயர் என்று உலகம் கருதும் பலவற்றின் வேர் இவ்வாறு பாஸ்க்கு மொழியில் இருக்கிறது. தென்னமெரிக்க விடுதலை வீரர் சிமோன் பொலிவாரின் குடிப்பெயரும் 'ஆலைப் பள்ளத்தாக்கு' என்னும் பொருளுடைய பாஸ்க்குப் பெயரே. அவர் பெயரால் பொலிவியா என்று ஒரு நாடே பெயர் பெற்றிருக்கிறது.

நம் கதைக்கு வேண்டியது மற்றொரு கிளை. பாஸ்க்கு நிலத்தின் கிழக்கு ஓரத்தில், நவார்ரா என்னும் சிற்றரசில், இலத்தீன் வழிவந்த மொழி பேசுவோரும் பாஸ்க்கு பேசுவோரும் கலந்து வாழ்ந்தனர். இலத்தீன் வழியினர் வாயில் எச்செபெர்ரி வேறு உருக்கொண்டது. முதலிலிருந்த எகரம் உதிர்ந்தது. 'பெர்ரி'யில் உள்ள எகரம் 'இயெ' என விரிந்தது. நிலம் எனப் பொருள்படும் 'தெர்ரா' என்னும் இலத்தீன் சொல் ஸ்பானியத்தில் 'தியெர்ரா' ஆனது போன்ற மாற்றம் இது. ஈற்றிலிருந்த இகரமும் தேய்ந்தது. எஞ்சியது 'ஷவியெர்'. அந்த 'ஷ' ஒலியை அக்காலத்தார் எக்ஸ் என்னும் எழுத்தால் குறித்தனர்.

அப்பெயருடைய கோட்டை ஒன்று நவார்ராவில் சங்குவேசா என்னும் ஊருக்கு அருகே இருந்தது. அதில் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. தந்தை ஹுவான் தெ ஹாசோ. தாய் மரியா தெ அஸ்பில்குவேதா. கோட்டை தாய்வழிச் சொத்து. குடிப்பெயர் இன்னும் இறுகாத காலம் அது. ஆகவே அண்ணன்மாருள் ஒருவர் தாயின் பெயரால் ஹுவான் தெ அஸ்பில்குவேதா என வழங்கப்பட்டார். கடைக்குட்டியாகிய பிரான்சிஸ் கோட்டையின் பெயரைத் தாங்கினார். ஒரே அடுப்பில் உண்டவர்களுக்குப் பல பெயர்கள்!

அந்தப் புது வீடு நிலைக்கவில்லை. 1512ஆம் ஆண்டில் காஸ்தீலியப் படை நவார்ராவைக் கைப்பற்றியது. 1515இல் தந்தை இறந்தார். அந்நாட்டின் கோட்டைகளை இடித்துத் தள்ளுமாறு 1516இல் ஆணை பிறந்தது. ஷவியெர் கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் தகர்க்கப்பட்டன. அப்பொழுது பிரான்சிசுக்கு வயது பத்து. கண்ணெதிரே வீடு சிதைந்தது. பெயர் மட்டும் அவரோடு வந்தது. பிற்காலத்தில் பழுதுபார்க்கப்பெற்று அக்கோட்டை இன்றும் நிற்கிறது.

1525இல் அவர் பாரிஸ் பல்கலைக்கழகத்திற்குப் படிக்கச் சென்றார். அங்கு லொயோலா இஞ்ஞாசியாரோடு நட்புக் கொண்டு துறவு பூண்டார். 1541இல் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறி, 1542 மே மாதம் கோவாவை அடைந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தோழர்களுக்கு அவர் எழுதிய கடிதம் மொழி பயிலும் மாணவர் எல்லாரும் அறியத்தக்கது. இம்மக்கள் பேசுவதைத் தாமும், தாம் பேசுவதை இம்மக்களும் உணர இயலவில்லை என்று அதில் தெரிவிக்கிறார். இவர்கள் தாய்மொழி 'மலபார்' என்றும், தம் தாய்மொழி 'பிஸ்காயா மொழி' என்றும் காரணம் காட்டுகிறார். மலபார் என்பது தமிழுக்கு அக்கால ஐரோப்பியர் இட்ட பெயர். பிஸ்காயா மொழி என்பது பாஸ்க்குக்கு வழங்கிய பெயர். இரு மொழியும் அறிந்தவர்களைத் துணைக்கொண்டு மந்திரங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியடித்துக்கொண்டே தெருக்களில் நடந்து சிறுவர்களைக் கூட்டினார் என்பதும் அவர் கடிதங்களால் தெரிகிறது.

1549இல் ஜப்பானுக்குச் சென்றார். 1552 டிசம்பர் 3ஆம் நாள் சீனக் கரையை அடுத்த ஒரு தீவில் இறந்தார். 1622இல் உரோமைத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. பெயர் வரலாற்றில் அந்த ஆண்டு ஒரு திருப்பம். அதுவரை அது குடிப்பெயர், ஊர்ப்பெயர். அதன்பின் குழந்தைக்கு இடும் பெயராயிற்று. முதலில் 'பிரான்சிஸ் சேவியர்' என இரட்டைப் பெயராக இட்டனர். பிறகு பின்பாதி மட்டும் தனியே நடக்கத் தொடங்கியது. வீட்டின் பெயர் ஆளுக்காகி, அந்த ஆளின் பெயர் அவரோடு எவ்வகை உறவும் இல்லாத எண்ணற்ற பிள்ளைகளுக்காயிற்று.

இப்பெயர் மொழிக்கு மொழி எவ்வாறு மாறியது என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. சில மொழியினர் பழைய ஒலியைப் போற்றினர். போர்த்துகீசியர் இன்றும் 'ஷவியெர்' என்றே சொல்கின்றனர். சிலர் ஒலியைக் கேளாமல் எழுத்தைப் பார்த்துப் படித்தனர். எக்ஸ் என்னும் எழுத்துக்குத் தம் மொழியில் எந்த ஒலியோ அதனை இதற்கும் ஏற்றினர். அவ்வாறு ஜெர்மானியர் 'க்ஸாவர்' என்றும், போலந்தினர் 'க்ஸவேரி' என்றும், பிரெஞ்சுக்காரர் 'க்ஸவியே' என்றும், ஆங்கிலேயர் 'ஸேவியர்' என்றும் ஆக்கினர். வேறு சிலர் தம் நாவுக்கு இசைந்தவாறு வடித்துக்கொண்டனர். இத்தாலியர் 'சவேரியோ' என்றனர். ஜப்பானியர் 'ஸபியெரு' என்றனர்.

எல்லாவற்றிலும் வியப்பு, பிறந்த நாட்டிலேயே அது பெரிதும் மாறிப்போனதுதான். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஸ்பானிய மொழியில் 'ஷ' ஒலி தொண்டைக்குள் இறங்கி, அழுத்திச் சொல்லும் 'ஹ' போன்ற ஒலியாயிற்று. 1815இல் ஸ்பானிய மொழிக் கழகம் எழுத்து முறையைத் திருத்தியபோது, அவ்வொலிக்கு எக்ஸ் எழுத்தை நீக்கி ஜே என்னும் எழுத்தை விதித்தது. ஷவியெர் இன்று ஸ்பெயினில் 'ஹவியெர்'. செர்வாந்தெஸ் எழுதிய டான் கிஹோத்தே என்னும் நூலின் தலைவன் பெயரும் இம்மாற்றத்திற்கு உட்பட்டதே. அப்பெயரைப் பழைய காலத்திலேயே கடன் வாங்கிய பிரெஞ்சுக்காரர் இன்னும் 'கிஷோத்' என்று பழைய ஒலியைக் காத்து வருகின்றனர். வீட்டார் தொலைத்த பொருள் சில வேளைகளில் அண்டை வீட்டில் கிடைக்கும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். தமிழ் இப்பெயரை இருமுறை வாங்கியிருக்கிறது. முதன்முறை, போர்த்துகீசியமும் இலத்தீனும் வழங்கிய குருமார் வாயிலாக. இலத்தீனில் இப்பெயர் 'க்ஸவேரியுஸ்'. தமிழுக்கு அந்நிய ஒலியாகிய முதலெழுத்து, சகரமாயிற்று, ஈற்றிலிருந்த இலத்தீன் விகுதி நீங்கி நம் மரியாதை விகுதியாகிய 'ஆர்' சேர்ந்தது, 'சவேரியார்' ஆயிற்று. முத்து, ராயன், அப்பன், அம்மாள் என்னும் நம் சொற்களோடு அது கைகோத்தது. பேச்சில் ஏகாரம் தேய்ந்து 'சவரி'யும் ஆயிற்று. கோட்டாற்றிலுள்ள பேராலயம் சவேரியார் பெயரால் விளங்குகிறது. தமிழின் முதல் நாவல் எனப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதனை இயற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் தந்தையார் பெயர் சவரிமுத்துப் பிள்ளை. பிரெனீஸ் மலையின் புது வீடு இவ்வாறு தமிழ் இலக்கிய வரலாற்றின் முகப்பிலும் நிற்கிறது. இரண்டாம் முறை, ஆங்கிலக் கல்வியின் வாயிலாக இதே பெயர் 'சேவியர்' என வந்தது.

இதை அறியாமையால் நான் செய்த பிழையை இப்பொழுது சொல்கிறேன்.

நான் இளம் ஆசிரியனாக இருந்த காலம். என் வகுப்பில் சவரிமுத்து என்றொரு மாணவன் இருந்தான். தந்தை கட்டுமரத்தில் கடலுக்குச் செல்பவர். வகுப்புப் பிள்ளைகள் அவன் பெயரைச் 'சவரம்' என்னும் சொல்லோடு சேர்த்துக் கேலி செய்வர். 'சவரக்கத்தி' என்று கூப்பிடுவர். அவன் தலை குனிந்து நிற்பான். கேலி செய்தவர்களைத் திருத்துவது என் கடமை. அதைச் செய்யாமல் அவன் பெயரைத் திருத்தினேன். 'சவரி என்பது படியாதவர் வாயில் சிதைந்த உரு; சரியான உரு சேவியர்' என்று எண்ணி, பதிவேட்டைப் புதிதாக எழுதும்போது 'சேவியர்முத்து' என எழுதிவிட்டேன். பையனும் மறுக்கவில்லை. ஒரு நல்ல காரியம் செய்ததாகவே எனக்குத் தோன்றியது.

ஆண்டுகள் சென்றன. அவன் பள்ளியிறுதித் தேர்வில் தேறினான். சான்றிதழில் சேவியர்முத்து, ஞானஸ்நானப் பதிவிலும் குடும்ப அட்டையிலும் சவரிமுத்து. ஓர் அலுவலகத்தில் வேலைக்கு அழைப்பு வந்தபோது, இருவரும் ஒருவர்தாம் என்று மெய்ப்பிக்கக் கேட்டனர். விண்ணப்பம், உறுதிமொழிப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு என்று மாதங்கள் ஓடின. எல்லாம் கைக்கு வந்தபோது அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது.

அவன் தந்தை என்னைத் தேடி வந்தார். சண்டையிடுவார் என்று அஞ்சினேன். அவர் திண்ணை ஓரத்தில் நின்றுகொண்டு, "ஐயா, அது எங்க அப்பா பேரு. அவரு கடலோட போனவரு. பேரு ஒண்ணுதான் மிச்சம் இருந்துது. அதுல என்ன தப்பு இருந்துதுன்னு மாத்துனீங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. உட்காருங்கள் என்று சொல்லக்கூட வாய் எழவில்லை.

விடை தேடிப் படிக்கத் தொடங்கியதன் பயனே இன்று உங்கள்முன் நான் பேசுவது. கண்டது யாதெனில், அந்தப் பெயரில் தப்பு எதுவும் இல்லை. சவேரி என்பது நம் கடற்கரைக்கு முதலில் வந்த உரு. சேவியர் பின்னால் வந்தது. அது எக்ஸ் எழுத்தை ஆங்கிலேயர் தம் வழக்கப்படி படித்த படிப்பு. மூத்ததை நீக்கி இளையதை வைத்துவிட்டு, அதற்குத் திருத்தம் என்று பெயரிட்டேன். இன்னும் ஒன்று: பாஸ்க்கு மொழியின் 'பெர்ரி'யையும் நம் சவேரியின் 'வேரி'யையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். சவேரியின் ஈற்று இகரம் இலத்தீன் வழியாக வந்ததே அன்றி நேரே பாஸ்க்கிலிருந்து வந்ததன்று, ஒற்றுமை தற்செயலானது. எனினும் ஸ்பெயினின் ஹவியெரைவிட, மணப்பாட்டுச் சவேரி அந்த மலைநாட்டுச் சொல்லுக்குக் காதளவில் நெருங்கி ஒலிக்கிறது.

அதற்காக ஹவியெர் தவறு, க்ஸவேரி தவறு என்று நான் சொல்ல வரவில்லை. மொழி நூலார் இவ்வாறான வடிவங்களுள் ஒன்றையும் பிழை என்பதில்லை. ஒவ்வொன்றும் அவ்வம்மொழியின் ஒலி முறைக்கு இணங்கிப் பிறந்த முறையான வடிவம். பிழை வேறிடத்தில் இருக்கிறது. ஒருவர் தம் பெயரை எப்படிச் சொல்கிறாரோ அதைக் கேட்டு எழுதாமல், எழுதுபவர் தமக்குத் தெரிந்த உருவத்தை அவர்மேல் ஏற்றுவதில் இருக்கிறது.

அப்பெயர் பிறந்த நாட்டு மக்களும் இத்துன்பத்தை அறிந்தவர்கள். பிராங்கோவின் ஆட்சியில், 1938 முதல், குழந்தைகளுக்குப் பாஸ்க்கு மொழிப் பெயர்களைப் பதிவு செய்வதற்குத் தடை இருந்தது. பிராங்கோ 1975இல் மறைந்தபின், 1977இல் வந்த சட்டம் அத்தடையை அகற்றியது. 1999இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், குடிப்பெயரைத் தத்தம் மொழியின் எழுத்து முறைப்படி திருத்திப் பதிந்துகொள்ளவும் இடம் தந்தது. நூற்றாண்டுகளாக ஸ்பானிய எழுத்தரின் முறைப்படி 'எச்செவெர்ரியா' என எழுதிய குடும்பத்தார் விரும்பினால் 'எச்செபெர்ரியா' என்று பாஸ்க்கு முறையில் எழுதிக்கொள்ளலாம். விரும்பாதவர் பழையபடியே வைத்துக்கொள்ளலாம். முடிவு செய்பவர் பெயருக்கு உரியவர். பதிவேட்டுக்கு உரியவர் அல்லர். பிரான்சிஸ் சவேரியார் இறந்த நாளாகிய டிசம்பர் 3, நவார்ராவின் திருநாளாகவும் பாஸ்க்கு மொழியின் திருநாளாகவும் இன்று கொண்டாடப்படுகிறது.

அந்த மீனவர் வந்துபோன நாளுக்குப் பின், சேர்க்கைப் படிவம் எழுதும்போதெல்லாம் நான் ஒரு வழக்கத்தை மேற்கொண்டேன். பெற்றோரிடம் பெயரைக் கேட்பேன், அவர்கள் சொன்னபடியே எழுதுவேன், எழுதியதை உரக்கப் படித்துக் காட்டி, "இதுதானா?" என்று மறுபடியும் கேட்பேன். அரை நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே. தலைமை ஆசிரியனான பின், உடன் பணிபுரிந்தவர்களையும் அவ்வாறே செய்யச் சொன்னேன்.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள். சிலர் மருத்துவமனையிலும் வங்கியிலும் பதிவு அலுவலகத்திலும் அமர்ந்து பிறர் பெயரை எழுதுவீர்கள். உங்கள் மேசைக்கு முன் ஒருவர் வந்து, நீங்கள் கேட்டறியாத ஒரு பெயரைச் சொல்லக்கூடும். அது சிதைந்த சொல்போல் உங்கள் காதில் விழலாம். பேனாவை ஊன்றுமுன் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அது எத்தனை மலையும் கடலும் கடந்து வந்த பெயரோ, யாருடைய பாட்டனார் விட்டுச்சென்ற பெயரோ, உங்களுக்குத் தெரியாது.